விண்டோஸ் 11க்கு மாறுவதா, காத்திருப்பதா? – சந்தேகங்களும் விளக்கங்களும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. பழைய கணினிகளின் திரையில் இது தொடர்பான ஆங்கில அறிவித்தல்கள் அடிக்கடி தோன்றுகின்றன. சிலர் என்ன ஏது என்று பாராமல் சம்மதம் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர் பயத்தில் மாதக்கணக்காக மூடிவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். முல்லைத்தீவு நகரிலும் புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மல்லாவி பகுதிகளிலும் தொடர்பாடல் நிலையம், ஸ்டூடியோ, தனியார் கல்வி நிலையம் நடத்துவோருக்கும் வீட்டில் ஒரு கணினியை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிப்போருக்கும் எழக்கூடிய சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தரப்படுகின்றன.

இயங்குதளம் என்பது என்ன? அதற்கு ஏன் ஆதரவு தேவை?

கணினியின் திரை, விசைப்பலகை, அச்சு இயந்திரம், கோப்புகள் எல்லாவற்றையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 வெளியானது 2021 ஒக்டோபர் 5. இத்தகைய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களை மாதாமாதம் அனுப்புவதையே நிறுவனம் ஆதரவு என்கிறது.

ஆதரவு முடிந்துவிட்டதால் என் கணினி நின்றுவிடுமா?

நிற்காது. கோப்புகள் திறக்கும், அச்சு வரும், இணையமும் வழமைபோல் வேலை செய்யும். நின்றது மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களும் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியும் மட்டுமே. "இன்னும் சில நாளில் பூட்டிவிடும்" என்று சொல்லிப் புதுக் கணினி வாங்க அவசரப்படுத்துவோரின் பேச்சில் உண்மை இல்லை.

எல்லாம் வேலை செய்கிறதென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது?

புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டை அடைபடாமல் அப்படியே கிடப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கிய 'வன்னாகிரை' தாக்குதல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளும், ஆதரவுக் காலம் முடிந்து திருத்தமே கிடைக்காத கணினிகளுமே சிக்கின. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இத்தகைய நிரல்கள், கணினி அமெரிக்க நிறுவனத்துடையதா, முல்லைத்தீவு ஸ்டூடியோவுடையதா என்று பார்த்துத் தாக்குவதில்லை.

இலங்கையில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பிலேயே. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச கிளவுட் மீது இடம்பெற்ற தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் இருந்த, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் அழிந்தன. அந்தக் கட்டமைப்பு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில் இயங்கிவந்தது. அதற்கான ஆதரவு தாக்குதலுக்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2023 ஏப்ரல் 11ஆம் திகதியே முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாற்றும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தள்ளிப்போனதாகவும், அந்த மூன்று மாதங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கப்படவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது.

நல்ல வைரஸ் கார்ட் போட்டிருக்கிறேன். அது போதாதா?

ஓரளவு உதவும், ஆனால் போதாது. வைரஸ் கார்ட் தெரிந்த தீய நிரல்களைத் தடுக்கும். இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. விண்டோஸ் 10இல் இலவசமாக வரும் டிபெண்டர் மென்பொருளுக்கான வைரஸ் விபரப் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வழங்கப்படும் என மைக்ரோசொப்ட் அறிவித்துள்ளது. அது இயங்குதளத்துக்கான ஆதரவு நீடிப்பு ஆகாது.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 10ஆ, 11ஆ என்று எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸ் பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபவுட்' என்பதைத் திறந்தால் பதிப்பின் பெயரும் இலக்கமும் தெரியும். விண்டோஸ் 10 என்றால் பதிப்பு இலக்கம் 22எச்2 ஆக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கீழே விளக்கப்படும் மேலதிகத் திட்டத்துக்கு அது கட்டாயம். செயலியின் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்ற விபரங்களும் அதே பக்கத்தில் உண்டு. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் திருத்துநரிடம் பேசும்போது பயன்படும்.

விண்டோஸ் 11க்கு மாறப் பணம் கட்ட வேண்டுமா?

முறையான உரிமத்துடன் இயங்கும், தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு மாற்றம் இலவசம். டேட்டாச் செலவும், கடையில் கொடுத்துச் செய்வித்தால் அங்கு கேட்கும் கூலியும் மட்டுமே உண்டு. விண்டோஸ் 7, 8 உரிம இலக்கங்களைக் கொண்டு இலவசமாகப் புதிய பதிப்பைப் பெறும் வழியை மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது.

என் கணினிக்கு விண்டோஸ் 11 தகுமா?

குறைந்தபட்சத் தேவைகள்: 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 'செக்யூர் பூட்' வசதி, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்டோஸ் அப்டேட் வழியாக மாற்றம் கிடைக்காது. மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு தேவையையும் சோதித்து, எது குறைகிறது என்றும் காட்டும். ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் மாற்றக்கூடியவை. பெரும்பாலான கணினிகளைக் கழிப்பது செயலிதான்.

செயலி சரியானதா என்பதைப் பெயரைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

இன்டெல் கோர் செயலிகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. இன்டெல் பெயரில் சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணே தலைமுறையைச் சொல்லும்: ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, ஐ5-10210யூ பத்தாம் தலைமுறை. வாங்கிய ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017இல் என்றாலும், அதன் பின்னரும் ஐ3-6006யூ போன்ற ஆறாம் தலைமுறைச் செயலியுடன் மடிகணினிகள் விற்கப்பட்டன. அவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை.

டி.பி.எம். இல்லை என்று காட்டுகிறது. புதுக் கணினிதான் வாங்க வேண்டுமா?

முதலில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பல கணினிகளில் இந்த வசதி செயலியோடு சேர்ந்தே வருகிறது. பயோஸ் பகுதியில் இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எப்.டி.பி.எம். என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் போதுமான சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் பயோஸ் அமைப்புகள் தெரியாதவர் கைவைத்தால் கணினி தொடங்காமலே போகக்கூடும் என்பதால், இந்த ஒரு வேலையைத் திருத்துநரிடம் விடுவது நல்லது.

4 ஜிபி ரேமில் உண்மையில் ஓடுமா?

ஏற்கும், வேலை மந்தமாகவே நடக்கும். உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்துகொண்டு வேர்ட் கோப்பில் தட்டச்சு செய்ய 8 ஜிபி ரேமும், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யும் இருப்பதே நடைமுறைக்குப் பொருந்தும். இவ்விரண்டையும் மாற்றக்கூடிய மடிகணினியாக இருந்தால், மாற்றிய பின் விண்டோஸ் 11 போடுவதே சரியான வரிசை.

தகுதியில்லாத கணினியிலும் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்களே?

சோதனையைத் தாண்டிப் போடும் குறுக்குவழிகள் இருப்பது உண்மை. ஆனால் அவ்வாறு போடப்பட்ட கணினிகள் ஆதரவுக்கு உட்பட்டவை அல்ல என்றும், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றும் மைக்ரோசொப்ட் தெளிவாகக் கூறியுள்ளது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், மிகப் பழைய செயலிகளில் விண்டோஸ் 11 தொடங்கவே தொடங்காது. திருத்தங்களுக்காகத்தான் மாறுகிறோம் என்னும்போது, திருத்தம் நிச்சயமில்லாத வழிக்குக் கூலி கொடுப்பதில் பொருளில்லை.

தகுதியில்லாத கணினி வைத்திருப்போருக்கு வேறு வழி என்ன?

நீடிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் அறிவித்துள்ளது, ஆங்கிலத்தில் ஈ.எஸ்.யூ. எனச் சுருக்கி அழைக்கப்படுகிறது. இதில் சேரும் தனிநபர் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். புதிய வசதிகளோ தொழில்நுட்ப உதவியோ கிடைக்காது. 11க்குத் தகுதியுள்ள கணினியும் இதில் சேரலாம் என்பதால், மாறுவதற்குக் கால அவகாசம் தேடுவோருக்கும் இது பொருந்தும்.

அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கட்டணம்?

மூன்று வழிகள் உள்ளன. கணினியின் அமைப்பு விபரங்களை மைக்ரோசொப்ட் கணக்குடன் ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அல்லது மைக்ரோசொப்ட் ரிவோர்ட்ஸ் புள்ளிகள் 1,000ஐக் கழிக்கலாம். அல்லது ஒரு தடவை 30 அமெரிக்க டொலர் செலுத்தலாம். டொலர் ஒன்று 300 ரூபா எனக் கணக்கிட்டால் அது 9,000 ரூபா, வரி தனி. ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால், வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தாலும் தனித்தனியாகச் செலுத்த வேண்டியதில்லை.

எப்படிச் சேர்வது?

செட்டிங்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், தகுதியுள்ள கணினிகளில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். நிர்வாகி உரிமையுள்ள பயனர் கணக்கும், ஒரு மைக்ரோசொப்ட் கணக்கும் தேவை. பணம் செலுத்திச் சேர்வோருக்கும் அந்தக் கணக்கு கட்டாயம், சிறுவர் கணக்கு ஏற்கப்படாது. இணைப்பு தெரியாவிட்டால், நிலுவையில் உள்ள திருத்தங்களை எல்லாம் போட்டு, கணினியை மீளத் தொடக்கிய பின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒத்திசைவு என்றால் என் படங்கள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போய்விடுமா?

இலவசச் சேர்க்கைக்குத் தேவைப்படுவது அமைப்பு விபரங்களின் ஒத்திசைவு மட்டுமே. படங்கள், ஆவணங்கள் அடங்கிய கோப்புறைகளை ஒன்டிரைவில் சேமிக்கும் தெரிவு தனியாக உள்ளது. அதை அணைத்து வைக்கலாம். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. திருமணப் படங்களை நூற்றுக்கணக்கான ஜிபியாக வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் அந்தத் தெரிவை அறியாமல் இயக்கிவிட்டால், இடமும் நிரம்பும், மாதாந்த டேட்டாவும் தீரும்.

ஏற்கெனவே பல மாதங்கள் போய்விட்டன. இனிமேலும் சேரலாமா?

திட்டம் முடியும் 2026 ஒக்டோபர் 13 வரை எந்த நாளிலும் சேரலாம். பிந்திச் சேர்ந்தாலும் அதுவரை வெளியான திருத்தங்கள் சேர்த்துக் கிடைக்கும். ஆனால் முடிவுத் திகதி பிந்தாது. கட்டணம் செலுத்துவோருக்குக் கழிவும் இல்லை.

பாடசாலை, அலுவலகக் கணினிகளுக்கும் இதுவா?

இல்லை. வலையமைப்பு நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்ட அலுவலகக் கணினிகள் தனிநபர் திட்டத்தில் சேர முடியாது; நிறுவனங்களுக்கான திட்டத்தில் முதலாண்டுக் கட்டணம் கணினி ஒன்றுக்கு 61 டொலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. கல்வி நிறுவனங்களுக்கு அதே மூன்று ஆண்டுகளுக்கும் முறையே 1, 2, 4 டொலர். அரச பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள கணினியில் ஆசிரியரோ உத்தியோகத்தரோ தமது சொந்தக் கணக்கைக் கொண்டு இதைச் செய்யாமல், வலயக் கல்வி அலுவலகத்தின் அல்லது திணைக்களத்தின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடம் விடுவதே முறை.

விண்டோஸ் 11 இறக்க எவ்வளவு டேட்டா போகும்?

நிறுவும் கோப்பு மட்டுமே 5 ஜிபிக்கு மேல். பின்னர் வரும் திருத்தங்களுக்கும் சேர்த்து 8 முதல் 10 ஜிபி வரை ஒதுக்கி வைப்பது பாதுகாப்பானது. கைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலம் இறக்குவோர், பக்கேஜில் இரவு நேரத்துக்குத் தனி டேட்டா இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். கணினிகள் பல உள்ள இடங்களில் ஒவ்வொன்றிலும் இறக்கத் தேவையில்லை: மைக்ரோசொப்ட் தளத்தில் கிடைக்கும் இலவசக் கருவியைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஒரு தடவை எடுத்துவைத்தால் எல்லாக் கணினிகளுக்கும் அதுவே போதும். சிக்னல் மெலிந்த ஊர்களில் இருப்போர் உறவினர் வீட்டு பைபர் இணைப்பில் அதைச் செய்துகொண்டு வரலாம்.

நடுவில் மின்சாரம் போனால்?

இறக்கும்போது போனால் பாதிப்பில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும்போது, குறிப்பாகக் கணினி தானாக அணைந்து அணைந்து தொடங்கும் கட்டத்தில் போனால், பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் முயலும். எல்லா வேளையிலும் அது வெற்றி பெறுவதில்லை. மடிகணினி என்றால் மின்கலத்தை முழுவதும் ஏற்றி, மின்னிணைப்பிலும் வைத்தே தொடங்க வேண்டும்; மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். தேவை, மாரி காலத்தில் மழை இடியுள்ள நாளைத் தவிர்க்க வேண்டும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததற்காக 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்ட அனுபவம் இருக்கையில், வானம் வெளித்திருக்கிறது என்பதை மட்டும் நம்பியும் பயனில்லை.

மாற்றினால் என் கோப்புகள் அழிந்துவிடுமா?

விண்டோஸ் 10இன் மேலேயே 11ஐ நிறுவினால் கோப்புகளும் மென்பொருள்களும் பொதுவாக அப்படியே இருக்கும். முழுவதும் அழித்துப் புதிதாகப் போட்டால் சி டிரைவில் உள்ளவை போய்விடும். கடையில் கொடுக்கும்போது இவ்விரண்டில் எதைச் செய்யப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். 'பொதுவாக' என்பதற்கும் விலக்கு உண்டு: 2018 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பெரும் இற்றைப்படுத்தல் சிலரது ஆவணங்களை அழித்ததால், மைக்ரோசொப்ட் சில நாள்களிலேயே அதை நிறுத்தி நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

பாமினி எழுத்துரு போய்விடுமா? பழைய தமிழ்க் கோப்புகள் திறக்குமா?

மேலேயே நிறுவினால் எழுத்துருக்கள் அழிவதில்லை. புதிதாகப் போட்டால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை மீண்டும் நிறுவ வேண்டும்; நிறுவும் வரை பாமினியில் அடித்த கடிதம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை அழித்துவிடக் கூடாது. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் திரும்பி வரும். யூனிகோட் தமிழில் அடித்த கோப்புகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் தட்டச்சுக்கென்று தனியாக நிறுவிய விசைப்பலகை மென்பொருளை மீண்டும் போட வேண்டியிருக்கும்.

ஒபிஸ் மென்பொருளும் மாற்ற வேண்டுமா?

ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 ஆகிய இரண்டுக்கும் ஆதரவு முடிந்தது அதே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதிதான். அவை தொடர்ந்து இயங்கும், விண்டோஸ் 11இலும் திறக்கும்; பாதுகாப்புத் திருத்தம் வராது. சந்தா செலுத்திப் பெறும் மைக்ரோசொப்ட் 365 மென்பொருளுக்கு விண்டோஸ் 10இல் 2028 ஒக்டோபர் 10 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. மின்னஞ்சலில் வரும் தெரியாத வேர்ட் கோப்புகளைப் பழைய ஒபிஸில் திறப்பதே இதில் முதன்மையான ஆபத்து.

பழைய பிரிண்டர், ஸ்கேனர் வேலை செய்யுமா?

தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில், அந்த மாதிரி இலக்கத்துக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால், 32 பிட் டிரைவரை நம்பியிருக்கும் பழைய கருவிகள் நின்றுவிடும். தேசிய அடையாள அட்டைக்கான படம் எடுத்து அனுப்பும் ஸ்டூடியோக்கள், பற்றுச்சீட்டு அச்சிடும் கடைகள் ஆகியவற்றுக்கு இது முதற்கேள்வி. இரண்டு கணினிகள் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது தொழில் நின்றுபோகாமல் காக்கும்.

பிடிக்காவிட்டால் பழையபடி 10க்குத் திரும்பலாமா?

மேலேயே நிறுவியவர்கள் 10 நாள்களுக்குள் திரும்பலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்ற வரிசையில் போனால் அதற்கான தெரிவு இருக்கும். இடம் போதவில்லை என்று அந்த நாள்களுக்குள் பழைய விண்டோஸ் கோப்புறையை அழித்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்குப் போய்விட்டது என்பதற்காகத் திரும்ப வேண்டியதில்லை; அதை இடப்பக்கம் கொண்டுவர அமைப்பு உண்டு.

மாற்றிய பிறகு 48 இலக்கம் கேட்டு நிற்கிறதே, அது என்ன?

அது பிட்லொக்கர் மீட்புக் குறியீடு. 24எச்2 முதல், மைக்ரோசொப்ட் கணக்குடன் புதிதாக நிறுவப்படும் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டுக்குறியாக்கம் செய்யப்படுகிறது. பின்னர் பயோஸில் மாற்றம் செய்தால் இந்தக் குறியீடு கேட்கப்படலாம். நிறுவியபோது பயன்படுத்திய மைக்ரோசொப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் திருத்துநர் தமது கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தால் குறியீடும் அவரிடமே இருக்கும் என்பதால், சொந்தக் கணக்கில் நிறுவச் சொல்லி, குறியீட்டைத் தாளில் எழுதி வைப்பது அவசியம்.

என்னிடம் இருப்பது கிரக் செய்த விண்டோஸ். என்ன செய்வது?

இலவச மாற்றம் முறையான உரிமத்துக்கு மட்டுமே உரியது. விண்டோஸுடன் விற்கப்பட்ட மடிகணினிகள் பலவற்றில் உரிம இலக்கம் பலகையிலேயே பதிந்திருக்கும். அவ்வாறானவற்றில் மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து எடுத்த அசல் பிரதியை அதே பதிப்பில் புதிதாகப் போட்டால், அது தானாகச் செயற்படக்கூடும். கிரக் மென்பொருளை இயக்குவதற்காக வைரஸ் கார்டை அணைக்கும்படி கேட்கப்படுவதே அதன் ஆபத்தைச் சொல்லும்.

மைக்ரோசொப்டிலிருந்து பேசுவதாக அழைப்பு வந்தால்?

துண்டித்துவிட வேண்டும். கணினியில் பிழை இருப்பதாகச் சொல்லி மைக்ரோசொப்ட் தானாக யாரையும் அழைப்பதில்லை. விண்டோஸ் 11 தருவதாகக் காட்டும் போலித் தளங்கள் மூலம் கடவுச்சொல் திருடும் நிரல்கள் பரப்பப்பட்ட சம்பவங்கள் உள்ளன. செட்டிங்ஸ் பகுதி அல்லது மைக்ரோசொப்டின் சொந்தத் தளம் தவிர வேறெங்கிருந்தும் இறக்கக் கூடாது. இணைய மோசடிகள் தொடர்பில் இலங்கை சேர்ட் அமைப்பிடம் முறையிடலாம்.

பாவித்த மடிகணினி வாங்க நினைக்கிறேன். எதைக் கவனிப்பது?

செயலியின் தலைமுறையைத்தான். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு விண்டோஸ் 11 அவற்றை ஏற்காததும் ஒரு காரணம். 'விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்' என்ற விளம்பரத்தை நம்பாமல், கடையிலேயே 'பிசி ஹெல்த் செக்' இயக்கிக் காட்டச் சொல்வது நல்லது. பிள்ளையின் படிப்புக்காகச் சில ஆண்டுகள் வைத்திருக்க வாங்குவோருக்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழே போவது இலாபமல்ல.

விண்டோஸே வேண்டாம் என்றால் வேறு இலவச இயங்குதளம் உண்டா?

லினக்ஸ் மின்ட் உண்டு. அதன் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ரேமில் இயங்கும், 4 ஜிபி இருந்தால் வசதி. இணையம், காணொளி, கடிதம், லிப்ரே ஒபிஸ், யூனிகோட் தமிழ் ஆகியவற்றுக்குப் பழைய வீட்டுக் கணினியில் அது போதும். போட்டோஷொப், மைக்ரோசொப்ட் ஒபிஸ் ஆகியவை அதில் நேரடியாக இயங்காததால் ஸ்டூடியோக்களுக்கும் வேர்ட், எக்செல் படிப்பிக்கும் நிலையங்களுக்கும் பொருந்தாது.

11க்கு மாறிவிட்டால் தொல்லை முடிந்ததா?

முடியாது, அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஆயுள் உண்டு. வீட்டுப் பாவனைக்கான ஹோம், புரோ வகைகளில் 24எச்2க்கு 2026 ஒக்டோபர் 13 வரையும், 25எச்2க்கு 2027 ஒக்டோபர் 12 வரையும் திருத்தங்கள் உண்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுவது இலவசம். 24எச்2இல் இருப்போருக்கு 25எச்2க்கான இறக்கம் சிறியது.

வெளியான உடனே போடுவதா, பொறுத்துப் போடுவதா?

மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதிக்கக் கூடாது. பெரும் பதிப்பு மாற்றத்துக்குச் சில வாரங்கள் பொறுப்பதில் தவறில்லை. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 11க்கு வந்த மாதாந்தத் திருத்தமே, மீட்புத் திரையில் யூ.எஸ்.பி. விசைப்பலகையையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது; ஆறு நாள்களில் மாற்றுத் திருத்தம் வந்தது. க.பொ.த. பரீட்சை விண்ணப்பங்கள் குவியும் வாரத்தில் தொடர்பாடல் நிலையம் நடத்துபவர் பெரும் மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பதே புத்தி.

கைபேசிக்கும் இதே கதையா?

ஆம், காலம்தான் வேறு. அன்ட்ரொய்ட் கைபேசிகளுக்கான திருத்தக் காலத்தைத் தயாரிப்பு நிறுவனம் மாதிரிக்கு மாதிரி தீர்மானிக்கிறது. செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி தெரியும். அன்ட்ரொய்ட் 5க்கு முந்திய கைபேசிகளில் வட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

எதுவுமே செய்யாமல் இன்னும் கொஞ்சநாள் ஓட்ட வேண்டிய நிலையில் இருப்போர் என்ன செய்வது?

அந்தக் கணினியில் வங்கிக் கணக்கு, கடன் அட்டை, வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கையாளாமல் இருப்பது முதல் வேலை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ்களைச் சோதிக்காமல் திறக்கக் கூடாது. ஆனாலும் இலவசமாக நீடிப்புத் திட்டத்தில் சேரும் வழி திறந்திருக்கும்போது, 22எச்2 பதிப்பில் உள்ள வீட்டுக் கணினியை வெறுமனே விட்டுவைக்கக் காரணம் இல்லை. தனிநபர் கணினிகளுக்கான அந்த வழி 2026 ஒக்டோபர் 13ஆம் திகதியுடன் மூடப்படும்.